அம்புக்குறி துள்ளுவது ஏன்? கண்டிக்குப் பஸ் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் திரையில் அம்புக்குறி துள்ளத் தொடங்குகிறது. ஓர் இடத்தைத் தொட்டால் வேறோர் இடத்தில் கிளிக் ஆகிறது. சார்ஜரைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இது ஒரு வகை.

விசைப்பலகைக்குக் கீழே விரலால் தடவும் அந்தச் சதுரப் பலகை, அதாவது டச்பேட், ஒரு பக்கம் இறுகிப்போய் அழுத்த முடியாமல் இருக்கிறது. சில நேரம் தானாகவே கிளிக் ஆகிறது. இது இன்னொரு வகை.

நேற்று இரவு வரை வேலை செய்தது, இன்று காலை எவ்வளவு தடவினாலும் அசையவில்லை. இது மூன்றாவது.

மூன்றுக்கும் கடையில் ‘டச்பேட் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்ற ஒரே பதில் கிடைக்கலாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவது பெரும்பாலும் சார்ஜரிலோ வீட்டு மின்சாரத்திலோ உள்ள குறை. இரண்டாவது பற்றரியின் குறையாக இருக்கலாம். அப்படியானால் அது ஆபத்தானது. மூன்றாவது பல நேரங்களில் ஒரு விசையைக் கை தவறி அழுத்தியதன் விளைவு. மூன்றிலும் டச்பேட் நன்றாகவே இருக்கக்கூடும்.

இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது ஹேவாஹெட்ட போன்ற இடத்தில் காசு விடயம். இலங்கைத் தேயிலைக் கைத்தொழில் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் இந்தப் பகுதி மலைகளில்தான் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மலைகளில் இருந்து கணினி திருத்துவதற்குப் போவதென்றால் கண்டி நகரத்துக்குத்தான் இறங்க வேண்டும். பஸ்ஸில் போய்வர ஒரு நாள் கழிந்துவிடும். தோட்டத் தொழிலாளருக்கு அது ஒரு நாள் பேர் இல்லாமல் போவதாகும். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் அந்த ஒரு நாள் சிறிய தொகை அல்ல. மடிக்கணினியைக் கடையில் விட்டுவிட்டு வந்தால் திரும்பப் போக இன்னொரு நாள் வேண்டும்.

ஹேவாஹெட்டவை வைத்துச் சொன்னாலும் இது வன்னிக்கும் பொருந்தும். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத் தோட்டங்களில் இருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறின. அவர்களில் பலர் 2009 வரை போருக்குள்ளேயே இருந்தனர். இன்று தோட்டத்து லயனில் இருப்பவருக்கு விசுவமடுவில் ஒரு சித்தப்பா இருப்பார். தர்மபுரத்தில் இருப்பவருக்குக் கண்டிப் பக்கத்தில் ஒரு அத்தை இருப்பார். இரு இடத்திலும் மடிக்கணினி பெரும்பாலும் பாவித்த ஒன்று. வெளிநாட்டு அலுவலகம் கழித்ததைக் கடையில் வாங்கியிருப்பார்கள், அல்லது கனடாவிலோ சுவிஸிலோ உள்ள உறவினர் வந்தபோது கொடுத்துவிட்டுப் போயிருப்பார். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறிய பிறகு புதியது வாங்குவது பலருக்கு எட்டாத காரியமாகிவிட்டது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

டச்பேட் எப்படி விரலை அறிகிறது?

டச்பேட்டுக்குள் அசையும் பகுதி எதுவும் இல்லை. அழுத்தினால் கிளிக் ஆகும் சுவிட்ச் மட்டும் உண்டு. மேலே கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தகடு. அதற்கு அடியில் நெடுக்காகவும் குறுக்காகவும் மிக மெல்லிய கடத்திகள் வலை போல ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறிய மின்னேற்றம் இருக்கும். மனித உடல் உப்பும் நீரும் கலந்தது, மின்னைக் கடத்தும். விரல் மேலே வந்ததும் அந்த இடத்தில் மின்னேற்றம் சற்று மாறும். ஒரு சிறு சிப் இந்த மாற்றத்தை நொடிக்குப் பல தடவை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது.

ஆகவே டச்பேட் உணர்வது விரலின் அழுத்தத்தை அல்ல, மின்மாற்றத்தை. உறை போட்ட கையால் தடவினால் அசையாது. ஈரக் கையால் தொட்டால் தாறுமாறாக ஓடும். பிளாஸ்டிக் செயற்கைக் கையை அது கண்டுகொள்ளவே மாட்டாது. கொழுந்து பறித்து, மண் வெட்டித் தோல் தடித்துக் காய்ந்த விரலை அது சில நேரம் தவறவிடும். குறை விரலிலும் இல்லை, பலகையிலும் இல்லை.

சார்ஜர் செருகினால் மட்டும் துள்ளுகிறதா?

முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஒரு சதமும் செலவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஐந்து நிமிடம் பாவித்துப் பாருங்கள். அம்புக்குறி ஒழுங்காக ஓடினால் டச்பேட்டில் பழுதில்லை. கோளாறு சார்ஜரிலோ அது செருகப்பட்ட பிளக் பொயின்டிலோ இருக்கிறது.

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அது நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் திசை மாறும். சார்ஜர் அதை 19 அல்லது 20 வோல்ட் நேரோட்டமாக மாற்றுகிறது. இந்த வேலையின்போது சார்ஜருக்குள் அதிவேக மின் இரைச்சல் உண்டாகும். அதை அடக்குவதற்கென உள்ளே சிறிய கொள்ளளவிகள் இருக்கும். மூன்று முள் பிளக்காக இருந்து, மூன்றாவது முள் புவிக்கம்பியோடு, அதாவது எர்த்தோடு சேர்ந்திருந்தால், இரைச்சல் அந்த வழியாக நிலத்துக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் அது இறங்க இடமின்றி மடிக்கணினியின் உடலிலேயே தங்கும். அப்போது முழுக் கணினியின் மின்னழுத்தமும் உங்கள் விரலோடு ஒப்பிடுகையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். விரலின் சிறு மின்மாற்றத்தை அளக்க முயலும் சிப் இந்த இரைச்சலையும் விரலென்று நினைத்து அம்புக்குறியை ஓடவிடும்.

இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு. உலோக உடல் உள்ள மடிக்கணினியானால், சார்ஜ் ஏறும்போது மேலே கை பட்டால் எறும்பு ஊர்வது போல விறுவிறுக்கும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கும்போது இது கூடுதலாகத் தெரியும். நல்ல சார்ஜரில் இப்படிக் கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது, உடலுக்குத் தீங்கில்லாத அளவு. ஆனால் மலிவான போலிச் சார்ஜரில் உள்ளே என்ன பாகம் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. விறுவிறுப்பு வலிக்கும் அளவுக்கு இருந்தால் அந்தச் சார்ஜரை மீண்டும் செருக வேண்டாம்.

டச்பேட் துள்ளுவதற்கு விரிவான பொருள் ஒன்று உண்டு. சார்ஜர் மூன்று முள் உள்ளதாகவும் தரமானதாகவும் இருந்தும் அம்புக்குறி துள்ளுகிறதென்றால், உங்கள் வீட்டுப் பிளக் பொயின்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அதே பொயின்டில்தான் நீங்கள் ஸ்திரிக்கைப் பெட்டியையும் கேத்தலையும் செருகுகிறீர்கள். அவற்றின் உலோகப் பகுதியில் கரன்ட் கசிந்தால், மனிதரைக் காப்பாற்ற வேண்டிய கம்பி அங்கே இல்லை.

வீட்டு மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள ‘டி’ என்ற பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் அறுபட வேண்டும். அறுபடாவிட்டால் சுவிட்ச் பழுது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் அறவே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். எர்த் இருக்கிறதா என்பதை மின் தொழில் தெரிந்த ஒருவர் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும்.

சிலர் எர்த் இல்லாத குறைக்கு மாற்றாக மடிக்கணினியில் கம்பி கட்டித் தண்ணீர்க் குழாயில் சுற்றுவார்கள். இதைச் செய்யவே வேண்டாம். பக்கத்துக் காம்பராவில் எங்கோ கசியும் கரன்ட் அந்தக் குழாய் வழியாக உங்கள் கைக்கு வரலாம். அதேபோல அந்தக் குழாயைத் தொடும் குழந்தைக்கு உங்கள் கசிவு போகலாம். எர்த் சரியாகும் வரை, சார்ஜ் ஏற்றிவிட்டுக் கழற்றிப் பாவிப்பதே நல்லது. கட்டாயம் செருகி வைத்து வேலை செய்ய வேண்டுமானால் டச்பேட்டை நிறுத்திவிட்டு ஒரு மவுஸ் பாவிக்கலாம். ஆனால் அதனால் நிற்பது துள்ளல்தான். கசிவு அப்படியேதான் இருக்கும்.

வெளிநாட்டில் இருந்து வந்த சார்ஜர்

உறவினர் கொண்டுவந்த மடிக்கணினியில் இந்தத் துள்ளல் அதிகம் காணப்படுவதற்குக் காரணம் பிளக். ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளின் பிளக்கில் இரண்டு உருண்டை முள்தான் தெரியும். ஆனால் அதில் எர்த் உண்டு. ஜேர்மன் வகையில் அது பக்கவாட்டில் உள்ள உலோகப் பட்டையில் இருக்கிறது; பிரெஞ்சு வகையில் சுவரில் இருந்து வெளியே நீட்டும் முள் பிளக்கின் துளைக்குள் போகும். இந்தப் பிளக்கை நம் நாட்டு மல்டி பிளக்கில் செருகினால் இரண்டு முள் மட்டுமே பொருந்தும், எர்த் எதையும் தொடாது. சுவிஸ் பிளக்கிலும் கனேடிய பிளக்கிலும் மூன்று முள் உண்டு. ஆனால் மலிவான மாற்றிகள் பலவற்றில் மூன்றாவது முள் வெறும் துளைக்குள் போய் நிற்கிறது. உள்ளே கம்பி இல்லை.

இரண்டு முள் பிளக்கை 13 அம்பியர் பொயின்டுக்குள் தள்ளுவதற்காக மேலேயுள்ள எர்த் துளையில் பேனாவையோ தீக்குச்சியையோ குத்தி, உள்மூடியைத் திறப்பது நம்மூரில் சாதாரணமாக நடக்கிறது. அந்த மூடி இருப்பதே குழந்தைகளின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் தடுப்பதற்காக. இப்படிச் செருகிய முள் தளர்வாகவே இருக்கும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பெரும்பாலான சார்ஜர்களில் சுவருக்குப் போகும் கம்பி தனியாகக் கழன்று வரும். சார்ஜர் பெட்டியில் உள்ள துளை மூன்று ஓட்டை உள்ளதாக இருந்தால், இலங்கையின் 13 அம்பியர் சதுர முள் பிளக் பொருத்திய, எர்த் கம்பி உள்ள ஒரு கேபிளை மட்டும் வாங்கி மாற்றலாம். சார்ஜர் பெட்டியில் ‘100 முதல் 240 வோல்ட்’ என்று எழுதியிருந்தால் அது இங்கே பாவிக்க ஏற்றதே. முழுச் சார்ஜரையும் மாற்றுவதென்றால் பழைய பெட்டியில் எழுதியுள்ள வோல்ட் அளவு அப்படியே பொருந்த வேண்டும். அம்பியர் அளவு அதே அளவாகவோ கூடியதாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

பலகை உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள்

மடிக்கணினியை மூடி, மட்டமான மேசையில் வைத்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாலு மூலையும் மேசையில் படிகிறதா? திறந்து பார்த்தால் டச்பேட் சுற்றியுள்ள தகட்டோடு மட்டமாக இருக்கிறதா? ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தால், முன்பு இல்லாத இடைவெளி தெரிந்தால், கிளிக் திடீரென்று இறுகியிருந்தால், அடியிலுள்ள பற்றரி உப்பியிருக்கலாம்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் பற்றரி டச்பேட்டுக்கு நேர் கீழேயோ அருகிலோ இருக்கிறது. லித்தியம் பற்றரி பழையதாகும்போதும், சூட்டில் இருக்கும்போதும், எப்போதும் நிறைந்த நிலையிலேயே சார்ஜரில் கிடக்கும்போதும் உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயு உண்டாகும். வாயு வெளியேற வழியில்லை. பற்றரி தலையணை போல வீங்கி, மேலேயுள்ள டச்பேட்டைத் தள்ளும். பாவித்த மடிக்கணினியை வாங்குவோர் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் டச்பேட்டை அமுக்கி உள்ளே தள்ளக் கூடாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற நினைக்கவே கூடாது. துளைபட்ட லித்தியம் பற்றரி சில நொடிகளில் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் மீண்டும் எரியும். உடனே கணினியை நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். படுக்கை, துணி, விறகு, அடுப்பு எதற்கும் அருகில் இல்லாமல், வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் கல்லின் மேலோ சீமெந்தின் மேலோ வையுங்கள். பிறகு திருத்துபவரிடம் ‘பற்றரி வீங்கியிருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள்.

10 அடிக்கு 12 அடி காம்பரா. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். லயனில் ஒரு வீட்டில் பற்றிய தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை. மலையகத்தில் லயன் எரிந்த செய்தி வரும்போதெல்லாம் ‘மின்கசிவு’ என்ற சொல்லும் கூடவே வருவதைப் படித்திருப்பீர்கள். உடைமைகளோடு பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பரீட்சைச் சான்றிதழும் எரிந்துபோனால் மறுபடி எடுக்க எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பது இடம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கழற்றிய பழைய பற்றரியைக் குப்பைக் குழியில் போடவோ எரிக்கவோ கூடாது. திருத்தும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். கடை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

அறவே அசையவில்லையா?

பலகை மட்டமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் கீழுள்ள ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் விசைப்பலகையின் மேல் வரிசை. எஃப்1 முதல் எஃப்12 வரையான விசைகளில் ஒன்றில் சிறு சதுரப் பலகையின் படமோ, அதன் மேல் கோடு போட்ட படமோ இருக்கலாம். அது டச்பேட்டை நிறுத்தவும் இயக்கவும் உள்ள விசை. கீழ் இடது மூலையிலுள்ள எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு தடவை அழுத்துங்கள். பழைய எச்பி மடிக்கணினி சிலவற்றில் டச்பேட்டின் மேல் இடது மூலையை இரண்டு தடவை தட்டினால் அது நின்றுவிடும். மூலையில் செம்மஞ்சள் விளக்கு எரியும். மறுபடி இரண்டு தடவை தட்டினால் இயங்கும்.

அடுத்து, முழுதாக நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். மூடியை மடித்துத் திறப்பது போதாது. பற்றரி வெளியே கழன்று வரும் பழைய வகையானால், சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி பொருத்துங்கள்.

பிறகு செட்டிங்ஸ். டச்பேட் அசையாதபோது விசைப்பலகையாலேயே அங்கே போகலாம். விண்டோஸ் விசையையும் ஐ விசையையும் ஒன்றாக அழுத்துங்கள். செட்டிங்ஸ் திறந்ததும், தேடும் பெட்டியில் டச்பேட் என்பதன் ஆங்கில எழுத்துகளை அடித்து, கீழ்நோக்கும் அம்பு விசையால் தேர்ந்து, என்டர் அழுத்துங்கள். டேப் விசை ஒவ்வோர் இடமாக நகர்த்தும்; ஸ்பேஸ் விசை சுவிட்சை மாற்றும். மேலேயுள்ள முதல் சுவிட்ச் ஓஃப் ஆகியிருந்தால் ஒன் செய்யுங்கள். அதே இடத்தில் ‘மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும்’ என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு. அதன் சரி அடையாளம் எடுபட்டிருந்தால், மவுஸ் செருகியதும் டச்பேட் நின்றுவிடும். கம்பியில்லா மவுஸின் சிறு துண்டு பக்கத்தில் செருகியபடியே மறந்துபோயிருந்தாலும் இது நடக்கலாம்.

இவை எதுவும் சரிவராவிட்டால் ட்ரைவர் எனப்படும் மென்பொருள் குழம்பியிருக்கலாம். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மனேஜர் திறக்கும். அதில் மவுஸ் பிரிவிலோ ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் பிரிவிலோ டச்பேட்டின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்து, அன்இன்ஸ்டோல் கொடுத்து, கணினியை மறுபடி இயக்கினால் விண்டோஸ் அதைத் தானே திரும்ப ஏற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு ஒரு மவுஸை இரவல் வாங்கிக்கொள்வது நல்லது. தவறுதலாக விசைப்பலகையின் பெயரை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினி விண்டோஸுக்குள் போவதற்கு முன் வரும் சோதனைத் திரையிலும் டச்பேட் அசையவில்லையென்றால்தான் கருவியில் பழுது என்று சந்தேகிக்க வேண்டும். பல எச்பி கணினிகளில் எஃப்2, டெல் கணினிகளில் எஃப்12 விசையை இயக்கும்போதே அழுத்தினால் அந்தத் திரைக்குப் போகலாம். அப்போதும் டச்பேட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் பட்டைக் கம்பி தளர்ந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைத் திரும்பச் செருகுவது சிறிய வேலை.

ஈரமும் புகையும்

மலைப் பகுதியில் மூடுபனி நாளில், குளிர்ந்த கணினியை அடுப்படி வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். டச்பேட் அந்த ஈரத்தையும் விரலாக எண்ணும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அரை மணி நேரம் விட்டுவிட்டு இயக்குங்கள். விறகுப் புகையும் எண்ணெயும் சேர்ந்து படிந்த பிசுபிசுப்பை, கணினியை நிறுத்திவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் எடுக்கலாம். தண்ணீரை நேரடியாகத் தெளிக்கக் கூடாது. நனைந்த கணினியை அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூசி உள்ளே போவதுதான் மிச்சம். டச்பேட்டின் மேல் கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் இருந்தால் உரித்துவிடுங்கள்.

காயப்பட்ட கைக்கு ஏற்றபடி அமைப்பது

டச்பேட் பத்து விரலும் உள்ள, நடுக்கம் இல்லாத கைக்காகச் செய்யப்பட்டது. போரில் விரல் இழந்தவர்களும், ஒரு கை இழந்தவர்களும், எறிகணைச் சிதறலால் நரம்பு அறுந்து கை மரத்துப்போனவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ‘இது எனக்குச் சரிவராது’ என்று கணினியை ஒதுக்கிவிடுகிறார்கள். கணினியிலேயே இருக்கும் சில தெரிவுகளை மாற்றினால் சரிவரும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன டச்பேட் செட்டிங்ஸில் சென்சிடிவிட்டி என்ற தெரிவு நாலு நிலைகளில் இருக்கும். விரல் தடித்துக் காய்ந்தவரும், விரலுக்குப் பதில் கை மொட்டையால் தடவுபவரும் அதை ஆகக் கூடிய நிலையில் வையுங்கள். குறைந்த நிலையில் அகன்ற தொடுகையைக் கணினி ‘உள்ளங்கை தவறிப் பட்டது’ என்று தள்ளிவிடும். மாறாக, கை நடுங்குபவர் அதைக் குறைந்த நிலையில் வைத்து, தட்டினால் கிளிக் ஆகும் தெரிவை எடுத்துவிடலாம். அப்போது பலகையை அழுத்தினால் மட்டுமே கிளிக் ஆகும். நடுக்கத்தில் எதுவும் தானாகத் திறக்காது. அம்புக்குறியின் வேகத்தையும் குறைத்துவிடுங்கள்.

இரண்டு, மூன்று விரலால் செய்யும் சைகைகள் விரல் இல்லாதவருக்குப் பயன்படாது, அவற்றை நிறுத்திவிடலாம். வலது கிளிக்குக்குப் பலகையின் கீழ் வலது மூலையை அழுத்தும் தெரிவு உண்டு. இடது கையால் பாவிப்பவர் மவுஸ் செட்டிங்ஸில் முதன்மைப் பொத்தானை வலப்பக்கம் மாற்றலாம். ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுப்பது கடினமென்றால், இரண்டு தடவை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் இழுக்கும் தெரிவை இயக்குங்கள். அல்லது மவுஸ் பகுதியில் கிளிக் லொக் என்பதை இயக்கினால், சற்று நேரம் அழுத்தியதும் கணினியே பிடித்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் விடும்.

செயற்கைக் கையால் டச்பேட் அசையாதென்று பார்த்தோம். கைபேசித் திரைக்கு விற்கும் மென்மையான ரப்பர் முனை உள்ள, மின்னைக் கடத்தும் பேனா சில டச்பேட்டுகளில் வேலை செய்யும். கை வைக்கவே முடியாதவருக்கு இன்னொரு வழி: இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லொக் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மவுஸ் கீஸ் இயங்கும். அதன் பின் வலப்பக்க இலக்க விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். ஒரு கையால் இரண்டு விசை சேர்த்து அழுத்த முடியாதவர் ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும்; அப்போது விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினால் போதும். கண்பார்வை குறைந்தவருக்கு அக்சசிபிலிட்டி பகுதியில் அம்புக்குறியைப் பெரிதாக்கி, மஞ்சள் போன்ற நிறமும் கொடுக்கலாம்.

வீட்டில் ஒரே கணினியை அப்பாவும் மகளும் பாவிப்பதென்றால் இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு போடுங்கள். டச்பேட் அமைப்புகள் கணக்குக்குக் கணக்கு வேறாக இருக்கும். அப்பாவின் கைக்கு அமைத்தது மகள் படிக்கும்போது இடையூறாக இராது.

கடைக்குக் கொடுக்கும் முன்

இவ்வளவும் பார்த்தபின் கடைக்குப் போவதே வழி என்றால், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். ‘சார்ஜர் இல்லாமலும் துள்ளுகிறது, பற்றரி வீங்கவில்லை, சோதனைத் திரையிலும் அசையவில்லை’ என்று சொல்பவரிடம் தேவையற்ற பாகத்தை விற்பது கடினம். செலவை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். பாகம் மாற்றினால் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

டச்பேட் திருத்துவதற்கு உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. கடவுச்சொல் கேட்கும் முதல் திரையிலேயே அம்புக்குறி அசைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரே படம், ஆணைக்குழுக்களுக்கும் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதி, காணி உறுதி, மருத்துவ அறிக்கை என்று பல குடும்பங்களின் முக்கிய ஆவணங்கள் இன்று இப்படி ஒரு பழைய மடிக்கணினிக்குள்தான் இருக்கின்றன. மூலப் பிரதி இடப்பெயர்வில் போயிருக்கும். ‘விண்டோஸ் புதிதாகப் போட்டால் சரியாகும்’ என்று சொல்லி அழித்துவிட்டால் திரும்ப எடுப்பது அரிது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன், மவுஸ் ஒன்றைச் செருகி, அந்தக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியை வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ‘எதையும் அழிக்க வேண்டாம், புதிதாக ஏற்ற வேண்டாம்’ என்று கடைச் சிட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சுருக்கமாக: சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பது, பலகை மட்டமா என்று பார்ப்பது, துடைப்பது, எஃப்என் விசை, செட்டிங்ஸ், ட்ரைவர், அதன் பின்னரே கடை. பலகை உப்பியிருந்தால் மட்டும் மற்ற எதையும் பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும்.

எர்த் விடயத்தை மட்டும் தனியொருவர் தீர்க்க முடியாது. மீற்றர் வரைதான் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு உள்ளே இருப்பது வீட்டு வயரிங். லயன் வீடோ அதில் குடியிருப்பவரின் பெயரில் இல்லை. ஆகவே ஒரு லயனில் இரண்டு மூன்று வீடுகளில் சார்ஜர் செருகும்போது அம்புக்குறி துள்ளுகிறதென்றால், அதை எல்லோரும் சேர்ந்து எழுத்தில் தோட்ட நிர்வாகத்துக்கும் தோட்டத் தலைவருக்கும் கொடுத்து, அந்த லயனின் எர்த்தைச் சோதிக்கக் கேளுங்கள். மடிக்கணினிக்காகக் கேட்பதாகத் தோன்றினாலும் அந்தக் கம்பி அங்கே உறங்கும் எல்லோருக்கும் தேவையானது.